பதினோராம் வேற்றுமையும் ஜான் பாஷாவின் துண்டும்

1911-ஆம் வருஷம் தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, ஆம்பூரில் மக்பூல் சாகிப்பின் தோல் மண்டி வாசலில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டிருந்தது. அதை எழுதியவர்கள் இலக்கணம் படித்தவர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. படித்த ஒருவருக்கும் அது புரியவில்லை. மேல் பாதி ஓர்லினா என்கிற பாஷையில் இருந்தது. கீழ் பாதி தமிழ் என்று வாசலில் நின்ற காவல்காரர் சொன்னார். அவர் சொன்னதால் எல்லோரும் நம்பினார்கள்.

தரகர் ஜான் பாஷா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர். அரை மணி நேரம் நின்று கூட்டிப் பார்த்ததில் ஒரு விஷயம் மட்டும் தெளிவாகப் பிடிபட்டது. வருகிற ஆடி முதல் தேதிக்குள் ஓர்லினா பாஷைப் பரீட்சையில் தேறாத தரகர் எவரும் மண்டிக்குள் உட்காரக் கூடாது. மூன்று தடவை எழுதலாம். மூன்றிலும் தவறினால் அவருடைய இடம் தேறியவருக்குப் போய்விடும்.

ஜான் பாஷாவின் இடம் மூன்றாவது தூணடி. முப்பது வருஷமாக அந்தத் தூணில்தான் முதுகு சாய்த்திருக்கிறார். தூணில் அவர் முதுகளவுக்குச் சுண்ணாம்பு தேய்ந்து போயிருக்கும். அவருக்கு அதைத் தவிர வேறு ஆஸ்தி கிடையாது. திமிரி, ஆற்காடு, குப்பம், கோலார் என்று நாலு திசையிலிருந்தும் ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் கட்டுகள் வரும். விற்க வந்தவனுக்கும் வாங்க வந்தவருக்கும் நடுவில் உட்கார்ந்து விலை முடித்துத் தருவது ஜான் பாஷாவின் வேலை. விலையை வாயால் பேசுகிற வழக்கம் மண்டியில் இல்லை. பேசினால் பக்கத்துக் கட்டுக்காரன் காதில் விழுந்துவிடும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். எதிராளி துண்டுக்குள் கையை விடுவான். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து, நடுக்கணுவில் அழுத்தினால் அரை. மேலே முகங்கள் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கீழே இரண்டு கைகளும் சண்டை போட்டு, சமாதானமாகி, காரியத்தை முடித்துவிட்டு வெளியே வரும். விற்பவன் தெலுங்கனாக இருந்தாலும், கன்னடக்காரனாக இருந்தாலும், உருதுவைத் தவிர வேறு அறியாத சாயபுவாக இருந்தாலும் துண்டுக்குள் எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசினார்கள்.

ஓர்லினாவின் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். வடகடலில் ஏதோ ஒரு தீவில் லைட் ஹவுஸ் காவலராக இருந்த ஒரு துரை, பதினாறு வருஷம் தனியாக உட்கார்ந்து இந்தப் பாஷையைச் செய்தாராம். உலகத்தார் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தத் தீவில் அவரும் சில ஆடுகளும் மட்டும் இருந்ததால் யாருடனாவது பேசிப் பார்க்கிற வசதி அவருக்குக் கிடைக்கவில்லை. ஐரோப்பியப் பாஷைகளும் சமஸ்கிருதமும் பாரசீகமும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று எங்கோ படித்திருந்தார். ஆகவே பெயர்ச்சொற்களை லத்தீனிலிருந்தும், வேற்றுமைகளைச் சமஸ்கிருதத்திலிருந்தும், வினைகளைக் கிரேக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டார். விதிவிலக்குகளை மட்டும் பாரபட்சமில்லாமல் எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டார்.

அந்தப் பாஷை ஆம்பூருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் ராவ் சாகிப் குப்புரங்கம் நாயுடு. உப்பு இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தவர். எந்தக் கொல்லையில் திருட்டு உப்பு காய்ச்சுகிறார்கள் என்று மோப்பம் பிடித்துப் பிடித்து மூக்கு கூர்மையாகிப் போனவர். பென்ஷன் வாங்கி வேலூரில் உட்கார்ந்த பிறகு தப்புக் கண்டுபிடிக்க ஒன்றும் அகப்படாமல் இரண்டு வருஷத்தில் பாதியாக இளைத்துவிட்டார். அந்தச் சமயத்தில் ஓர்லினா இலக்கணப் புத்தகம் தபாலில் வந்தது. அதில் முந்நூற்று நாற்பது விதிகள் இருந்தன. ஒரு மாதத்தில் ராவ் சாகிப்புக்குக் கன்னத்தில் சதை பிடித்துவிட்டது என்று வீட்டார் சந்தோஷப்பட்டார்கள்.

அவர் ஓர்லினா வித்தியா சபை என்று ஒன்றை ஆரம்பித்து, அதற்கு ஒரு போஷகரைத் தேடிப் பிடித்தார். மக்பூல் சாகிப் வாரி வழங்கும் மனுஷர்; ஆனால் இதுவரை யாரும் அவருக்கு மெடல் கொடுத்ததில்லை. ஐரோப்பாவிலிருந்து அரக்கு முத்திரையோடு ஒரு கடிதமும் நீல நாடாவில் ஒரு மெடலும் வந்தன. சாகிப் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு, மண்டிக்குப் பின்னால் தோலை ஊறப்போடும் சுண்ணாம்புக் குழிகளைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மறுநாள் விளம்பரம் ஒட்டப்பட்டது.

வகுப்பு, தோல் பதனிடுவதற்கு ஆவாரம்பட்டை அடுக்கி வைத்திருக்கும் கிடங்கில் நடந்தது. முதல் நாள் ராவ் சாகிப் சொற்பொழிவு செய்தார்.

"மகாஜனங்களே, இந்தப் பாஷை எவ்வளவு சுலபம் என்றால், ஒரு குழந்தை ஆறு வாரத்தில் கற்றுக்கொள்ளும். நான் நாலு வருஷமாகக் கற்றுவருகிறேன். அதிலிருந்தே இதன் சுலபத்தை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். உலகத்தில் சண்டைகள் ஏன் வருகின்றன? ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரிவதால் வருகின்றன. ஓர்லினா பரவிவிட்டால் அந்த அபாயம் இல்லை."

தரகர்கள் பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். மக்பூல் சாகிப் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாடம் நடத்தியவர் சபையின் காரியதரிசி தேவசகாயம். மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்; சாது. இலக்கணம் என்றால் உண்மையிலேயே பிரியம் உள்ளவர். ஓர்லினாவில் பதினொரு வேற்றுமைகள் உண்டு என்று அவர் விளக்கினார். முதல் எட்டும் சமஸ்கிருதத்தில் உள்ளவைதான். ஒன்பதாவது, தூரத்தில் தெரிகிற பொருளுக்கு. பத்தாவது, இருட்டில் வெளிச்சம் பட்டுத் தெரிகிற பொருளுக்கு. பதினோராவது, தண்ணீரில் முழுகிக்கொண்டிருக்கிற பொருளுக்கு. லைட் ஹவுஸில் உட்கார்ந்திருந்தவர் தினமும் கண்டது அவ்வளவுதான்.

இந்தப் பதினோராம் வேற்றுமையைக் கேட்டதும் ராவ் சாகிப் எழுந்துவிட்டார். தோல் வியாபாரத்துக்காகவே கடவுள் அந்தக் காவலருக்கு உதிக்கச் செய்த வேற்றுமை அது என்றார். "சுண்ணாம்புக் குழியில் தோல் முழுகுகிறதே, அதைச் சொல்லத் தமிழில் தனி வேற்றுமை உண்டா? உருதுவில் உண்டா? இத்தனை தலைமுறையாக வேற்றுமை இல்லாமலே தோலை ஊறப்போட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?"

ஜான் பாஷாவுக்கு உண்மையிலேயே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மனைவி பில்கிஸிடம் அதைச் சொன்னார். அந்த வீட்டில் பேசுவது உருது. நம் வசதிக்காகத் தமிழில் தருகிறேன்.

"வேற்றுமை இல்லாம ஊறப்போட்ட தோலு கெட்டுப்போச்சா?" என்று பில்கிஸ் கேட்டாள்.

"கெடல."

"அப்புறம் இன்னா பேஜாரு?"

இதற்கு ஓர்லினா இலக்கணத்தில் பதில் இல்லை. ஜான் பாஷா சாப்பிட உட்கார்ந்தார்.

பங்குனியில் முதல் பரீட்சை வந்தது. வாய்மொழிப் பரீட்சைதான். ராவ் சாகிப் ஜான் பாஷாவைச் சுண்ணாம்புக் குழி ஓரமாக அழைத்துப் போய், ஓர் ஆட்டுத்தோலைக் குழிக்குள் போடச் சொல்லி, அதை ஓர்லினாவில் வர்ணிக்கச் சொன்னார். ஜான் பாஷா தோலைப் பார்த்தார். அது மிதந்தது. மேலும் சற்று நேரம் பார்த்தார். அது மேலும் சற்று நேரம் மிதந்தது.

"தோலு தானா முங்காது ராவ் சாகிப். கம்பால தள்ளணும்," என்றார்.

அருகில் நின்ற மூன்று ஆட்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ராவ் சாகிப் தலையாட்டவில்லை. பரீட்சைத் தாளில், 'விண்ணப்பதாரர் பாஷையில் தமக்குள்ள குறைபாட்டைத் தோலின் மேல் சுமத்துகிறார். விஷய ஞானம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. தவறினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டு தரகர்களும் தவறினார்கள். தேறியவர் ஒருவர்தான். அவர் ராவ் சாகிப்பின் மாப்பிள்ளை சீனிவாசலு. தரகர் அல்ல, தோல் வாசனை பட்டால் தலை வலிக்கும் என்று மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு வந்திருந்தார். குழியைப் பார்க்காமலே வர்ணித்ததால் அவருக்குப் பிழை நேரவில்லை.

ஜான் பாஷா மனம் தளர்கிற ஆள் இல்லை. தவிர, அந்தச் சான்றிதழ் மேல் அவருக்கு ஆசை வந்துவிட்டது. தூணை இழந்துவிடக் கூடாது என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நாற்பத்தெட்டு வயசுவரை எதிலும் பாஸ் பண்ணாத ஒருவருக்கு ஒன்றில் பாஸ் பண்ணிப் பார்க்க வேண்டும் என்கிற ஆவல். தினமும் காலையில் தேவசகாயத்திடம் தனியாகப் போய்ப் படித்தார். சித்திரை முடிவதற்குள் பதினோராம் வேற்றுமை அவர் நாக்கில் ஊறிவிட்டது. கிணற்றில் வாளி இறங்கும்போதும், குழம்பில் கத்தரிக்காய் அமிழும்போதும், பாலாற்றுக் குட்டையில் எருமை படுக்கும்போதும் அவர் வாயில் தானாக அந்த விகுதி வந்தது. பில்கிஸ் ஒரு நாள் அரிசி களையும்போது தானே அந்த விகுதியை முணுமுணுத்துவிட்டு, பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாவது பரீட்சையில் ஜான் பாஷா தடங்கலில்லாமல் பேசினார். குழியில் எதுவெல்லாம் முழுகுமோ அதையெல்லாம் முழுக வைத்தார். கேட்டுக்கொண்டிருந்த தேவசகாயத்தின் முகம் மட்டும் வாடிக்கொண்டே போயிற்று.

"பாய், நீங்க சொன்னது போன மாசம் வரைக்கும் சரி," என்றார்.

நடந்தது என்னவென்றால், ஐரோப்பாவில் உலக ஓர்லினா மகாநாடு கூடி, ஒன்பதுக்கு எட்டு என்ற வாக்கில் பதினோராம் வேற்றுமையை ரத்துச் செய்துவிட்டது. தலைமை வகித்த லைட் ஹவுஸ் காவலர் அழுதுகொண்டே வெளியேறினாராம். அவரோடு எட்டுப் பேர் வெளியேறி, அடுத்த தெருவில் இன்னொரு உலக மகாநாடு கூட்டினார்களாம். சேதி வந்த கப்பல் தபால் ராவ் சாகிப் கைக்குப் பரீட்சைக்கு முதல் நாள் கிடைத்தது. தபாலை மற்றவர்களுக்குக் காட்டுவது பரீட்சையின் ரகசியத்தைக் கெடுக்கும் என்று, தேவசகாயத்துக்குக்கூடப் பரீட்சை நடுவில்தான் காட்டினார்.

தம்முடைய பழைய சொற்பொழிவைப் பற்றி அவர் வருத்தப்படவும் இல்லை. "கடவுள் உதிக்கச் செய்தார் என்று சொன்னேன். கடவுளுக்கு ஓட்டு இல்லை," என்றார்.

ஜான் பாஷா இரண்டாவது தடவையும் தவறினார். முதல் தடவை தவறியபோது வராத துக்கம் இந்தத் தடவை வந்தது. அரும்பாடுபட்டுச் சம்பாதித்த ஒரு வேற்றுமையை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது இல்லாமல் அவருக்கு வாளியைக் கிணற்றில் விடவே மனசு வரவில்லை.

ஆனி மாதம் லுண்ட் துரை வந்தார். உலக சபையின் பிரதிநிதி. தோல் வியாபாரமும் உண்டு. சென்னைக்குக் கப்பலில் வந்தவர் ஆம்பூர்க் கிளையைப் பார்த்துவிட்டு, அப்படியே ஆட்டுத்தோலும் வாங்கிப் போகலாம் என்று ரயிலேறிவிட்டார். ஸ்டேஷனிலிருந்து மண்டி வரைக்கும் வாழைமரம் கட்டினார்கள். ராவ் சாகிப் ஓர்லினாவில் ஐம்பது நிமிஷம் வரவேற்புப் பத்திரம் வாசித்தார். துரை முதல் பத்து நிமிஷம் புன்னகை செய்தார். பிறகு பல்வலிக்காரர் முகமாகிவிட்டது. அவர் காவலரோடு வெளியேறிய எட்டுப் பேரில் ஒருவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

துரை எழுந்து நன்றி சொல்லவில்லை. வரவேற்புப் பத்திரத்தில் பதினோராம் வேற்றுமை வரவேண்டிய இருபத்திரண்டு இடங்களை எடுத்துக் காட்டினார். ராவ் சாகிப் எழுந்து, எடுத்துக் காட்டிய பேச்சில் இருந்த பழைய விகுதிகளை எடுத்துக் காட்டினார். துரை அதைத் திருத்தினார். திருத்தத்தை ராவ் சாகிப் திருத்தினார். இப்படி இரண்டு மணி நேரம் உலகத்தின் இரு கோடியில் பிறந்த இருவர் ஒரே பாஷையில் பேசிக்கொண்டதைக் கண்டு மக்பூல் சாகிப்புக்குக் கண் கலங்கியது. என்ன பேசினார்கள் என்று அவருக்குத் தெரியாது.

கடைசியில் துரை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இங்கிலீஷுக்கு மாறினார். ஐந்து மணி மெயிலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் தோலைக் காட்டுங்கள் என்றார். மண்டிக்குள் ஓர்லினாவைத் தவிர வேறு பாஷையில் வியாபாரம் செய்வது பதினான்காம் விதிப்படி தடை என்று ராவ் சாகிப் சொன்னார். அதை அவரும் இங்கிலீஷில்தான் சொல்ல வேண்டியிருந்தது. சரி, ஓர்லினாவிலேயே விலை கேட்கிறேன் என்று துரை ஆரம்பித்தார். விலை என்ற சொல்லுக்கு எந்தப் பால் என்பதில் தகராறு வந்துவிட்டது.

மூன்றாவது தூணடியில், தோல் விற்க வந்த திமிரி வேலு நல்ல ஆட்டுத்தோலாக நாலு கட்டு வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். அவனுக்குத் திமிரிக்குப் போக வண்டி காத்திருந்தது. ஜான் பாஷா துண்டைப் போட்டு அவன் கையைப் பிடித்து, அவன் கேட்கிற விலையைத் தெரிந்துகொண்டார். பிறகு சண்டை நடக்கிற இடத்துக்குப் போய், மரியாதையாகத் துண்டை விரித்து, துரைக்கு முன்னால் கையை நீட்டினார். அவருக்கு வேறு யோசனை எதுவும் இல்லை. கட்டு விற்க வேண்டும், துரை ரயிலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

துரை துண்டைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஏடன் துறைமுகத்தில் இதே மாதிரித் துணிக்குள் கைவிட்டுப் பத்து வருஷம் தோல் வாங்கியவர் அவர். சட்டைக் கையை மடித்துவிட்டு உள்ளே கையை விட்டார். ஜான் பாஷா மேற்கூரையைப் பார்த்தார், துரை மக்பூல் சாகிப்பின் மெடலைப் பார்த்தார். வெற்றிலை மடிக்கிற நேரத்துக்குள் துண்டு அசைவது நின்றது. நாலு கட்டும் விலையாயிற்று. வேலு வண்டியேறப் போய்விட்டான்.

துரை ஏதோ இங்கிலீஷில் சொல்லிவிட்டு ஜான் பாஷாவின் தோளைத் தட்டினார். தேவசகாயம் அதைத் தமிழில் சொன்னார். "உலக பாஷையைத் தேடி இருபது வருஷமா ஊர் ஊராப் போறாராம். அது இங்கே இலக்கணமே இல்லாம நடந்துக்கிட்டு இருக்குதேன்னு சொல்றாரு."

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். 'இலக்கணமே இல்லாம' என்ற இரண்டு வார்த்தைகள் காதில் விழுந்த ராவ் சாகிப் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில், இத்தனை பெரிய திருட்டு உப்பை அவர் கண்டதில்லை.

சபை மறுநாளே கூடியது. துண்டுக்குள் நடப்பது ஓர்லினாவே என்றும், மூவாயிரம் வருஷத்துக்கு முன் தாயைப் பிரிந்து மண்டியில் அநாதையாகத் திரிகிற குழந்தை அது என்றும், இலக்கணம் இல்லாதது அதன் குற்றமல்ல, வளர்த்தவர்களின் குற்றம் என்றும் தீர்மானம் நிறைவேறியது. இலக்கணம் எழுதுகிற பொறுப்பைத் தேவசகாயத்தின் தலையில் கட்டினார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார். பிறகு எழுத உட்கார்ந்து, எழுத எழுதப் பிரியம் வந்து, இரண்டு வாரத்தில் நாற்பது பக்கம் எழுதிவிட்டார். கட்டைவிரல் ஆண்பால். சுண்டுவிரல் பெண்பால். மோதிர விரல் மோதிரம் போட்டிருந்தால் பெண்பால், இல்லாவிட்டால் பொது. நடுக்கணு நிகழ்காலம். நகம் எதிர்காலம், வளர்வதால்.

மூன்றாவது பரீட்சை இந்த விரலிலக்கணத்தில் நடக்கும் என்று அறிவித்தார்கள்.

ஜான் பாஷாவின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முப்பது வருஷமாகத் தினமும் எழுதிவருகிற பரீட்சையை இன்னொரு தடவை எழுதச் சொல்கிறார்கள். ஆற்காட்டிலிருந்து ஒரு கூடை மக்கன் பேடா தருவித்தார். பாஸ் பண்ணிய பிறகு கொடுக்கலாமே என்று பில்கிஸ் சொன்னாள். அவர் கேட்கவில்லை, பரீட்சைக்கு முன்னாலேயே எல்லாருக்கும் கொடுத்துவிட்டார். ராவ் சாகிப், தேவசகாயம், வேலூரிலிருந்து வந்த இன்னொருவர் ஆகப் பரீட்சகர்கள் மூவரும் ஆளுக்கு மூன்று சாப்பிட்டார்கள்.

ராவ் சாகிப் துண்டுக்குள் கையை விட்டார். ஜான் பாஷா பிடித்தார், அழுத்தினார், விட்டார், மறுபடி பிடித்தார். மேலே பார்த்தால் எதுவும் நடந்ததாகத் தெரியாது. அத்தனை சுத்தமான வேலை. பக்கத்தில் இருந்த வேலூர்ப் பரீட்சகர் ஆட்சேபம் சொன்னார். துண்டு மறைப்பதால் விண்ணப்பதாரரின் பிழைகள் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத பிழைக்கு எப்படி மார்க்கு குறைப்பது? அது நியாயமான கேள்வி என்று பட்டது. துண்டை எடுக்கும்படி ராவ் சாகிப் உத்தரவிட்டார்.

ஜான் பாஷா துண்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"துண்ட எடுத்துட்டா அது வெறும் கைதானே ராவ் சாகிப்," என்றார்.

மறைவு என்பது பாஷையின் லட்சணம் அல்ல என்று ராவ் சாகிப் விளக்கினார். யாருக்கும் கேட்காமல் பேசுவதற்கு எதற்காகப் பேச்சு என்று கேட்டார். யாரோ துண்டை உருவினார்கள். வெளிச்சத்தில் ஜான் பாஷாவின் கை ராவ் சாகிப்பின் கைக்குள் கிடந்தது. சுண்ணாம்பும் கடுக்காயும் ஏறிக் கறுத்து, நகக்கண்ணெல்லாம் வெடித்த கை. மற்றப் பதினொரு தரகர்களும், மூன்று பரீட்சகர்களும், மக்பூல் சாகிப்பும் அதைக் குனிந்து பார்த்தார்கள். நடுச்சந்தையில் வேட்டியை உருவிவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு. எட்டு சொல்லு என்றார்கள். முப்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் எட்டு சொல்லியிருப்பார்; அன்றைக்கு எந்த விரல் எது என்றே தெரியவில்லை. கை நடுங்கிற்று. நடுக்கத்தையும் எண்ணி, உச்சரிப்புப் பிழை பதினாறு என்று எழுதினார்கள்.

ஏற்கெனவே தேறியிருந்தும் அடுத்து வந்த சீனிவாசலு நாற்பது பக்கத்தையும் நெட்டுருப் போட்டிருந்தார். ஒவ்வொரு விரலையும் பால், எண், காலம் சொல்லி நீட்டினார். முதல் வகுப்பில் தேறினார்.

ஜான் பாஷா மக்பூல் சாகிப்பின் வீட்டு வாசலுக்குப் போய் நின்றார். கெஞ்சவில்லை, தூணைப் பற்றி மட்டும் சொன்னார். சாகிப்பால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நான் இன்னா செய்யறது ஜான் பாய்? மெடல் வாங்கிட்டேனே," என்றார்.

ஆடி முதல் தேதி ஜான் பாஷா வழக்கம் போல விடியும் முன்பே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். மண்டி வாசல்வரை போன பிறகுதான் உள்ளே போகக் கூடாது என்பது நினைவுக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பினால் பில்கிஸ் ஏதாவது கேட்பாள். அவருக்கு அழுகை வந்துவிடும். ஆகவே ஆற்றில் இறங்கி, வறண்டு கிடந்த பாலாற்று மணலில் ஒரு நாணல் புதர் நிழலில் உட்கார்ந்துவிட்டார். சாய்வதற்குத் தூண் இல்லாததால் முதுகு வலித்தது. எதிர்ப்பைக் காட்டுவதற்காக அங்கே உட்கார்ந்தார் என்று பிற்காலத்தில் சிலர் சொன்னார்கள். அதெல்லாம் இல்லை. உட்கார வேறு இடம் இல்லை, அவ்வளவுதான்.

வெயில் ஏறுகிற நேரத்தில் திமிரி வேலு தலையில் கட்டோடு மணலில் இறங்கி வந்தான். முகம் சிவந்திருந்தது.

"இன்னா பாய் இது, அந்த மாப்ளே என் வெரலப் புடிச்சிப் பாத்துட்டு தப்புன்றாரு. துண்டுகூடப் போடல. ஊரே பாக்குது," என்றான்.

ஜான் பாஷா அவனை எதிரில் உட்காரச் சொன்னார். துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டார். அவருக்கே பயமாக இருந்தது, பரீட்சையில் போன மாதிரி மறுபடியும் போய்விடுமோ என்று. வேலுவின் விரல் பட்டதும் கை தானாகப் பேச ஆரம்பித்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மணல் பறந்து விழுந்ததாகச் சொன்னார்.

அடுத்த திங்கட்கிழமை மணலில் ஆறு பேர் இருந்தார்கள். அதற்கடுத்த வாரம் நாற்பது பேர். மற்றத் தரகர்கள் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள், அவர்களும் தேறாதவர்கள்தானே. மண்டிக்குள் சீனிவாசலு மூன்றாவது தூணடியில், தேய்ந்த இடத்தில் முதுகு படாமல், சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையைப் பிடிக்க ஒரு ஆளும் வரவில்லை. மக்பூல் சாகிப்பின் குழிகளில் சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. ஐந்தாவது வாரம் சாகிப் தாமே ஆற்றில் இறங்கி வந்தார். மணலில் நின்று நாலு பக்கமும் பார்த்தார். மெடலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஜான் பாஷாவின் துண்டுக்குள் கையை விட்டார். விலை முடிந்த பிறகும் சாகிப் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் இருந்தார்.

மார்கழியில் சபையின் ஆண்டு விழா காலியாகக் கிடந்த மண்டியிலேயே நடந்தது. தலைமை மக்பூல் சாகிப். பார்வையாளர்களுக்கு மண்டிக்குள் வரத் தடை இல்லை என்பதால் தரகர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். ஜான் பாஷா உள்ளே வந்து பார்த்தார். தோல் வாசனையே இல்லை. தரை கழுவி விட்டிருந்தது. முப்பது வருஷம் பிழைத்த இடம் அது. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார்.

தேவசகாயம் நல்வரவு சொன்னார். பிறகு ராவ் சாகிப் எழுந்தார். முன்னைவிட நன்றாகச் சதை பிடித்திருந்தார்.

"மகாஜனங்களே, சென்ற தை மாதத்தில் இந்த மண்டியில் நாள் ஒன்றுக்கு நானூறு இலக்கணப் பிழைகள் நடந்துவந்தன. நான் நேரில் எண்ணியிருக்கிறேன். ஆடி மாதத்தில் அது ஏழாகக் குறைந்தது. கடந்த நாலு மாதங்களாக இந்த மண்டிக்குள் ஒரே ஒரு பிழைகூட நிகழவில்லை என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உலகத்தில் வேறெந்தச் சந்தையும் இந்த நிலையை அடைந்ததில்லை."

மக்பூல் சாகிப் கைதட்டினார். சீனிவாசலு கைதட்டினார். கடைசி வரிசையிலிருந்து ஜான் பாஷாவும் தட்டினார். ஒழிந்து போன பிழைகளில் பெரும்பாலானவை அவருடையவை.